கையில்லாத பெருமாளிடம் ஒரு மனு

எங்கள் பக்கத்தில் மியூசியத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். லீவு நாளில் பஸ் பிடித்துச் செத்த காலேஜுக்குப் போகிறவன் எப்படிப்பட்ட மாப்பிள்ளை என்று என் மாமனார் வீட்டில் ரொம்ப நாள் ஆராய்ச்சி நடந்தது. குடிக்கிறவனாக இருந்திருந்தால்கூட அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் கூழின் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. சீசன் முழுக்க மஞ்சளையே பார்த்துவிட்டு, சீசன் முடிந்த மறுநாள் ஏதாவது ஒரு சிலையையோ படத்தையோ தேடிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கோயிலில் சாமியை முன்னாலிருந்து மட்டும்தான் பார்க்க முடியும், அதுவும் பூவும் பட்டும் மறைத்தது போக மிச்சத்தை. மியூசியத்தில் சுற்றி வந்து முதுகையும் பார்க்கலாம். சுவரோடு ஒட்டி நிற்கப்போகிற சிலை, யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், சடைக் குஞ்சலம் வரைக்கும் செதுக்கி வைத்திருப்பான் ஒருவன். சாமியைவிட அவனைத்தான் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

கல்லூரிப் பிள்ளைகள் திருப்பதியில் ஓவியக் கண்காட்சி வைத்தாலும் விடமாட்டேன். ஒரு தடவை, மழையில் நனைந்த பஸ் ஸ்டாண்டை வரைந்த படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, வரைந்த பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். வாங்க வசதியில்லை அம்மா என்றேன். பரவாயில்லை சார், உட்கார்ந்து பாருங்கள் என்றாள். அந்த மரியாதையை நான் வேறு எங்கேயும் வாங்கியதில்லை.

என் மனைவி நகரியில் தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு மியூசியத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. கூட வருவாள், வாசலில் மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். மூக்கு உடைந்த சாமிகளை வரிசையாக நிறுத்தி வேடிக்கை பார்ப்பது பாவம் என்பது அவள் கட்சி. பின்னமான சிலையைக் கும்பிடக் கூடாது என்பார்கள். கும்பிடக் கூடாத சாமிக்கு முன்னால் போய் நிற்பானேன் என்று கேட்பாள்.

போன வருஷம் சர்க்கரை என் கண்ணில் கை வைத்தது. வலது கண்ணில் பாதிப் பார்வை முன்னமே போய்விட்டிருந்தது. இடது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிகிறது என்று சொல்லி, வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பார்வை தங்குமா என்று கேட்டேன். முயற்சி செய்கிறோம் என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத வயதில்லை எனக்கு. பயந்துபோனேன். வீட்டுக்கு வந்ததும் அவள் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் திருமலைக்குப் போனோம்.

பதினாலு மணி நேரம் வரிசை. கேட்க வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சன்னிதிக்கு முன்னால் போன நொடியில் ‘ஜரகண்டி, ஜரகண்டி’ என்று முதுகில் ஒரு கை. நகர்ந்து வெளியே வந்துவிட்டோம். வந்ததும் அழ ஆரம்பித்தாள்.

“கோவிந்தா கோவிந்தான்னுதான் வாயில வந்துச்சு. உங்க கண்ணப் பத்திக் கேக்கவே இல்ல நான்.”

கேட்காவிட்டால் சாமிக்குத் தெரியாதா என்றேன். மனு கொடுக்காமல் எந்த ஆபீசர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று திருப்பிக் கேட்டாள். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊரில் குடியிருந்தால் பேச்சு இப்படித்தான் வரும். மறுபடியும் வரிசையில் நிற்க இருவருக்கும் தெம்பில்லை. கீழே இறங்கி சித்தூர் பஸ் ஏறினோம்.

சந்திரகிரி வந்ததும், கோட்டை மியூசியத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். திருப்பதிக்குப் போனவர்கள் நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும், நடுவில் இன்னொரு வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்றாள். அது வீடு இல்லை, கோட்டை என்றேன். முறைத்தாள். இந்தக் கண்ணோடு ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.

வழக்கம்போல மரத்தடியில் உட்கார்ந்தாள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் எனக்குப் படி தெரியவில்லை. தடுக்கி விழப்போனேன். ஓடிவந்து கையைப் பிடித்தவள் அப்புறம் விடவில்லை. அப்படித்தான் முதல் முறையாக உள்ளே வந்தாள். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டிருந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் கொட்டினேன். இந்தச் சிரிப்பைப் பார், இந்த இடுப்பு மடிப்பைப் பார் என்று இழுத்துக்கொண்டு போனேன். கல்லில் செதுக்கிய ஒரு பெண்ணின் சேலைக்கு முன்னால் குனிந்து, மடிப்புக்கு மடிப்பு கரை பிசகாமல் வந்திருக்கிறது என்றாள். பத்துத் தடவை பார்த்த சிலை அது, கரை இருப்பதையே நான் கவனித்ததில்லை.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல என்பார்களே, ஒரு மூலையில் ஆளுயரத்துக்குப் பெருமாள் நின்றிருந்தார். சங்கு இல்லை, சக்கரம் இல்லை. நான்கு கைகளும் முழங்கையோடு போயிருந்தன. முகம் மட்டும் அப்படியே இருந்தது. அவ்வளவு சாந்தமான முகத்தை உளியால் கொண்டுவர முடியும் என்று என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மிஞ்சிய பார்வையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திருமலையிலிருந்து திரும்பிய அன்றைக்கு அவள் என் கையை விட்டுவிட்டு அவருக்கு நேராகப் போய் நின்றாள். பின்னமான சாமியாயிற்றே என்று சீண்டினேன்.

“கைதான இல்ல. காது நல்லாத்தான கீது.”

சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். எங்கள் பேர், ஊர், எத்தனை மணி நேரம் நின்றோம், யார் முதுகில் கை வைத்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். காவலாளி எழுந்து வந்தார். துரத்தப்போகிறார் என்று நினைத்து, இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுவாள் என்று தெலுங்கில் சொன்னேன். “பர்வாலேது, நிலபடனீயண்டி” என்று, நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலிக்கே திரும்பிப் போனார். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் மகளின் கல்யாணத்தில் வந்து நின்றது மனு.

“அது இந்த வருஷம் ஆவலன்னாலும் போவுது, மெதுவா பாத்துக்கறோம். இந்த ஆளுக்குக் கண்ண மட்டும் விட்டு வெச்சிடு சாமி. சொத்து சேக்கத் தெரியாது, நாலு பேருகிட்ட பேசத் தெரியாது. பாக்கறதுக்கு மட்டுந்தான் தெரியும். அதையும் நீ எடுத்துக்கினா அவரு இன்னா பண்ணுவாரு?”

இருபத்தாறு வருஷமாக வாசலிலேயே உட்கார்ந்திருந்தவள் சொன்னாள் இதை. பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். கும்பிட்டு முடித்துத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள்.

“கண்ணக் கசக்காதீங்க. டாக்டரு கசக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு.”