பெக்கான் நானாஸில் கழுவி வைத்த பன்னிரண்டு இலைகள்

போன செவ்வாய்க்கிழமை ஸ்கூடாயிலிருந்து பெக்கான் நானாஸ் போய் வந்தேன். அன்னாசித் தோட்டத்துக்கு ஆராய்ச்சிக்காக இலை எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்தில் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பது இலையின் செல் சவ்வை. கிருமி தொட்டதும் சவ்விலுள்ள சில புரதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளே செய்தி அனுப்பும். சில நிமிடங்களில் பிரிந்துவிடும். இலையில் வெட்டு விழுந்தால் காயத்துக்கென்று வேறு கூட்டம் கூடும். அதனால் வெட்டிய நொடியே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். குருத்தழுகல் பிடித்த ஒரு நிலத்தில் பன்னிரண்டு செடிகள் மட்டும் அழுகாமல் நின்றன. மூன்று வருடமாக நான் தேடியது அவற்றைத்தான். மறுநாள் அந்த நிலத்தையே இயந்திரம் விட்டுப் புரட்டுவதாக இருந்தார்கள்.

காலை 6.40க்குத் திரவ நைட்ரஜன் குடுவையோடு வாடகைக் காரில் கிளம்பினேன். தூரம் 24 கிலோமீட்டர். போகவர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 120 ரிங்கிட். ஓட்டுநர் ஜோசப் அண்ணனுக்கு ஜன்னல் திறந்திருந்தது பிடிக்கவே இல்லை.

"அலமாக், ஏசி போட்டுட்டு ஜன்னல தொறந்தா எப்படிம்மா?"

"மூடினா இந்தப் புகையில மூச்சு முட்டும் அண்ணே."

ஸ்கூடாய் நெரிசலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருந்தது, எனக்கும் உள்ளே கொதித்தது. தோட்டத்தை அடைந்தபோது மணி 8.25.

மண்டோர் குணா, தோட்ட வேலையை மேற்பார்க்கிறவர், ஐஸ்பெட்டியோடு சிரித்தபடி வந்தார்.

"வாங்கம்மா. உங்களுக்கு வேலை மிச்சம்லா. பன்னெண்டும் வெட்டி, கழுவி, தொடச்சி வெச்சிட்டேன்."

நான் கத்திவிட்டேன். "யாரு உங்கள வெட்டச் சொன்னா? எல்லாம் போச்சு!"

அவர் முகம் சுருங்கியது. "உரச் சோதனைக்கு வர்றவங்களுக்கு இப்படித்தான் ரெடி பண்ணுவோம். செடிக்கு ஒரு நீள இலை, பன்னெண்டு செடின்னு நீங்கதானே மெசேஜ் போட்டீங்க?"

கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான் எழுதியிருந்தேன். எதற்கு என்று ஒரு வரி இல்லை. மண்டோரிடம் போய்ப் புரதத்தைப் பற்றி என்ன பேசுவது என்று நினைத்த மண்டை என்னுடையது. அவர்மேல் இருந்த கோபம் முழுவதும் அங்கேயே என்மேல் திரும்பியது.

வரப்பில் உட்கார்ந்து விளக்கினேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"அப்போ ஒரு இலைய வெட்டினா, அதே செடியில மத்த இலைக்கும் தெரிஞ்சிருமா?"

"தெரிஞ்சிரும் அண்ணே. அதனாலதான் இனிமே எடுக்க முடியாது."

அவர் எழுந்து போய், பன்னிரண்டு செடிகளிலிருந்தும் பக்கக் கன்றுகளைப் பிரித்துச் சாக்கில் போட்டுக் கொடுத்தார். நட்டு, வளர்த்து, நோய் கொடுத்துப் பார்க்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். என் உதவித்தொகை ஏழு மாதத்தில் முடிகிறது.

போகிறவர்களுக்கு: ஆறு மணிக்கே கிளம்புங்கள். ரப்பர் பூட்ஸ் வேண்டும், மண் காலை இழுக்கும். ஜன்னலை மூட விடாதீர்கள். முக்கியமாக, எதற்கு எடுக்கிறீர்கள் என்று தோட்டத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். புரியாது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

சாக்கைக் காரில் ஏற்றும்போது குணா அண்ணன் கேட்டார்: "இத நேத்தே சொல்லியிருந்தா நான் கத்தியத் தொட்டிருப்பேனாம்மா?"