லீவு விட்டால் பலகைக்கும் லீவா?

எங்கள் வீட்டுக்கு எதிரே ஆரம்பப் பள்ளிக்கூடம். நான் ஐந்தாவது வரை படித்ததும் அங்கேதான். அதன் மதிலோரம் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். ‘பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதி, வட்டத்துக்குள் இருபது போட்டிருக்கிறது. எந்தப் பிள்ளையோ கரியால் திருத்திப் ‘பல்லி உள்ளது’ என்று ஆக்கிவிட்டது. பெருமாள் கோயில் தங்கப் பல்லியைத் தேடி வருகிற வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

பலகைக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருந்தது. வைகாசியில் தேர் வருகிறது என்று அதைச் சுரண்டி எடுத்தார்கள். தேர் நிலைக்குப் போய்ச் சேர்ந்தது, தடை திரும்ப வரவில்லை. ரோடு வேலைக்காரரிடம் எங்கள் தெருப் பெண்கள் கேட்டதற்கு, “ஸ்கூல் தொறக்கட்டும்மா, அப்ப போட்டுக்கலாம்” என்றார். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் பிள்ளைகள் கேட்டுக்கு உள்ளே இருக்கின்றன. பூட்டிவிட்டால் அத்தனையும் ரோட்டில்தான் பந்து அடிக்கின்றன. இது தெரியாதவர்களா இவர்கள்? எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. வெளி மனிதரிடம் பேசி எனக்குப் பழக்கம் இல்லை.

அந்த லீவிலேதான் என் வீட்டுக்காரர் வெற்றிலை வாங்க ரோட்டைத் தாண்டினார். பறந்து வந்த ஒரு பைக் அவரை அடித்துத் தள்ளியது. வலது கால் எலும்பு முறிந்தது. தறிக்குழியில் இறங்கி மிதிக்கிற கால். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நெய்த முகூர்த்தப் புடவை தறியில் பாதியில் நின்றது.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த மறுநாள், பைக் ஓட்டிய பையனின் அப்பா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு வந்தார். புடவைக் கடை வைத்திருப்பவராம். நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகத்தான் பேசினார்.

“இப்ப எப்படி இருக்குது பெரியவரே?”

“பரவால்லபா.”

“ரோடு காலியா இருக்குதேன்னு வந்துக்கினு இருந்திருக்கான். நீங்க திடீர்னு எறங்கிட்டீங்களாம். அந்த இருபது கிலோமீட்டர்லாம் ஸ்கூல் நடக்கும்போதுதான். லீவுல அதுக்கு மரியாதை கெடையாது. நீங்கதான் கொஞ்சம் பாத்து வந்திருக்கணும்.”

கட்டிலில் கிடந்த மனுஷன் சொல்கிறார்: “ஆமாம்பா, நான்தான் கவனிக்கல. சின்னப் பையன், அவன் இன்னா பண்ணுவான்?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடித்தவன் வீட்டில் இருக்கிறான், அடிபட்டவர் மன்னிப்புக் கேட்கிறார். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“லீவு விட்டா பள்ளிக்கூடம் எழுந்து நடந்துடுதா?”

பேசியது யாரென்று அவர் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார்.

“இன்னா ஆயா?”

“பள்ளி உள்ளதுன்னுதானே எழுதியிருக்குது? தொறந்து உள்ளதுன்னு எழுதலையே!”

அவர் சிரித்தார். “ஆயா சட்டம் பேசுது பாரு! அது பல்லி போர்டாச்சே ஆயா.”

“பல்லியாவே இருக்கட்டும்பா. பல்லி மேல விழுந்தா தோஷம்னு ஓடி வர்ற ஊரு இது. மனுஷன் மேல வண்டிய ஏத்திட்டு, தோஷம் அவருதுன்றியே!”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “சரி, வரேன் பெரியவரே” என்று எழுந்து போனார்.

மறுநாள் விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தார். முதலில் அவரிடம் பலகையைப் பற்றிக் கேட்டேன்.

“இந்த நாளு, இந்த நேரம்னு போர்டுல எதுவும் போடலன்னா எல்லா நாளும்தாம்மா. ஆனா லீவுல யாரு மதிக்கிறா?”

மதிக்க வைக்கவேண்டியவரே இப்படிக் கேட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்ல? பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

“தப்பு யாரு மேல, சொல்லுங்க பெரியவரே” என்றார் போலீஸ்காரர்.

என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். “வண்டி வேகமாத்தான் வந்துச்சு சார். நானும் கொஞ்சம்…”

“நானும்னு சொல்லாதீங்க!” என்றேன்.

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். “சரிம்மா, வேகமா வந்துச்சுன்னே எழுதிக்கிறேன்.”

எழுதிக்கொண்டு போனார். எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. அந்தப் பையன் மேல், தடையை எடுத்தவர்கள் மேல், எல்லாரையும்விட இந்த மனுஷன் மேல். வலியோடு கிடப்பவரிடம் காட்டக் கூடாதுதான். ரசம் விட்டுச் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து வைத்தேன்.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “ரசத்துல உப்பு கம்மியா இருக்குதுமே” என்றார்.

“அதுவும் உங்க தப்புதான்” என்றேன்.