கமலாசனி குடித்துக் காட்டிய வைன்

செட்டிகுளத்தில் கமலாசனி என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தாள். மற்றவளைப் பற்றிக் கதைக்கும்போது ஆட்கள் பெயரைச் சொல்லிவிட்டு மூக்கை ஒருமுறை தொட்டுக் காட்டுவார்கள். அத்தோடு எல்லோருக்கும் விளங்கிவிடும்.

மூக்கு ஒன்றும் பெரிதில்லை. அதற்கு இருந்த வேலைதான் பெரிது. மீன்காரரின் சைக்கிள் வாசல் படலையில் நின்றால் கமலாசனி விலை கேட்கமாட்டாள். "இது எப்ப செத்தது?" என்று கேட்பாள். அவர் என்ன சொன்னாலும் நம்பாமல் செவுளைத் தூக்கி மணந்து பார்ப்பாள். கலியாண வீட்டுப் பந்தியில் இலையில் கை வைக்க மாட்டாள். முதலில் பக்கத்தில் இருப்பவர் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவருடைய கண்ணையும் தொண்டையையும் நெற்றியையும் கொஞ்ச நேரம் பார்த்திருந்து, ஆள் விழமாட்டார் என்று தெரிந்த பிறகுதான் அவள் சோற்றைப் பிசைவாள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு சர்பத். பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து குளத்துக் காணிக்கு மருமகளாக வந்த புதிதில், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு கடையில் வாங்கிக் குடித்தது. பொங்கலும் பார்க்கவில்லை, அம்மனும் பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்தபடி பற்றை பற்றையாகப் பார்த்துக்கொண்டு திரும்பினாள். எந்தக் கடை என்பது பிறகு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராதபடியால் இலங்கையில் உள்ள எல்லாக் கடைகளையும் சந்தேகிக்க வேண்டியதாகிவிட்டது.

அன்றிலிருந்து பயணம் வெளிக்கிட்டால் கோதுள்ள சாமான்தான் சாப்பாடு. அவித்த முட்டை, வாழைப்பழம், கண் முன்னால் சீவிய இளநீர். "கோது ஆண்டவன் வைச்ச சீல். அதை உடைச்சுக் கலப்படம் செய்ய ஒருத்தனாலும் ஏலாது" என்பாள். மிஞ்சிப் போனால் தன் கையால் அவித்து, தன் கையால் இலையில் கட்டிய புட்டு. தேத்தண்ணிக் கடைக்குப் போக நேர்ந்தால் சீலைத் தலைப்பில் சுற்றிய சொந்தத் தகரப் பேணியை எடுத்து நீட்டுவாள்.

அப்படிப்பட்டவள் தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் வைன் வாங்க வவுனியாவுக்குப் போக நேர்ந்தது.

மகள் விமலேஸ்வரிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. தாய்தான் வெளிறிப்போய்க் கிடந்தாள். இரத்தம் காணாது என்றார் டொக்டர். இரத்தம் ஊற வேண்டுமென்றால் வைன் கொடுக்க வேண்டும் என்று மருமகனின் தாய் தங்கம்மா சொல்லி அனுப்பினா. சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"சீல் உடைக்காத போத்தலாம் மாமி" என்றான் மருமகன் சிவகரன், நிலத்தைப் பார்த்தபடி. "பிள்ளையின்ர முப்பத்தொண்டாம் நாளுக்கு வரேக்க அம்மா தன்ர கையால உடைச்சு ஊத்திக் குடுப்பாவாம்."

"ஏன், நாங்கள் உடைச்சால் என்னவாம்?"

"அண்ணியின்ர வீட்டில பழைய வைன் போத்தலுக்க நெல்லி ரசத்தை விட்டு ஏமாத்திப்போட்டினம் எண்டு அம்மாவுக்கு ஒரு எண்ணம்."

கமலாசனிக்கு முகம் சிவந்தது. உலகத்தையே சந்தேகித்துத் திரிந்தவளை ஒருத்தி சந்தேகித்துவிட்டா. ஆனால் மகளைப் பார்த்தால் கோபத்தைக் காட்ட முடியவில்லை. அவள் நாளைக்கு மாமி வீட்டுக்குத்தான் போக வேண்டும். போத்தல் சீலோடு மேசையில் நின்றால் தலை நிமிர்ந்து போகலாம். நிற்காவிட்டால், நெல்லி ரசத்துப் பிள்ளை என்ற பெயர் கிழவியானாலும் விடாது.

புருசன் தில்லைநாதன், "இஞ்சேரும், நான் போட்டு வாறனே?" என்று ஆர்வமாகக் கேட்டார். அந்த ஆர்வமே போதுமாயிருந்தது. அவரை அனுப்பினால் போத்தல் வரும், வைன் வராது.

காலை பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்தவள் சுப்பம்மா. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்தோடு வந்து குடியேறிய குடும்பம். பக்கத்துக் குடியேற்றத்தில் இருந்தாள். இருந்தவுடனே மடியில் இருந்த பொட்டலத்தை அவிழ்த்து, "ரொட்டி சாப்புடுறீங்களாக்கா? கட்டைச் சம்பல் வச்சிருக்கேன்" என்றாள்.

"வேண்டாம், நான் விரதம்."

"விரதமா? கூடையில முட்ட வாசம் அடிக்குதே?"

தன்னைத் தவிர இன்னொருத்திக்கும் மூக்கு உண்டு என்பது கமலாசனிக்குப் பிடிக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டணத்துக்கு வெளியே இருந்த ஆமிச் சோதனைச் சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு இளம் ஆமிக்காரன் கூடைகளைச் சோதித்துக்கொண்டு வந்தான். கமலாசனியின் புட்டுப் பார்சலைக் கண்டதும், கையில் இருந்த மெல்லிய கம்பியை அதற்குள் நான்கு பக்கத்தாலும் விட்டு எடுத்தான். புட்டுக்குள் புட்டுத்தான் இருந்தது. அவன் திருப்பிக் கொடுத்தான். முன்னால் நின்றவரின் மண்ணெண்ணெய்க் கானுக்குள்ளும் அதே கம்பிதான் போய்வந்தது என்பதைக் கமலாசனி பார்த்திருந்தாள். பஸ் நிலையத்தில் இறங்கியதும் புட்டை ஒரு நாய்க்குப் போட்டாள். நாயும் மணந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டது. அந்த நாயில் மட்டும் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது.

முட்டை பஸ் குலுக்கலில் வெடித்திருந்தது. கோது வெடித்த முட்டை சீல் உடைந்த முட்டை. அதுவும் நாய்க்கே போனது. மிஞ்சியது ஒரு வாழைப்பழம்.

கொட்டை எழுத்தில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை போட்ட கடை ஒன்று இருந்தது. நல்ல குடும்பத்துப் பொம்பிளை ஏறுகிற படி இல்லை அது. எதிரே இருந்த புடவைக் கடையில் சீலை பார்ப்பதுபோல் நின்று, தெரிந்த முகம் ஒன்றும் இல்லையென்று கண்டபின் ஓட்டமாய்த் தெருவைக் கடந்து படியேறினாள்.

"தம்பி, வைன் இருக்கோ?"

கம்பி வலைக்குப் பின்னால் இருந்தவன் சிரித்தான். "அம்மா, வைன் ஸ்டோர்ஸில ஆர் வைன் வைச்சிருக்கிறது? சாராயம் இருக்கு, பியர் இருக்கு."

"அப்ப பலகையில ஏன் எழுதியிருக்கிறியள்?"

"அது எல்லா ஊரிலயும் அப்பிடித்தான் அம்மா."

இதுவரை சாமானில்தான் கலப்படம் என்று நினைத்திருந்தாள். பலகையிலேயே கலப்படம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மருந்துக் கடையில் இருந்தது, ஆனால் விலையைக் கேட்டபோது அடகு வைக்கக்கூடிய மோதிரம் ஞாபகம் வந்தது. கேட்டுக் கேட்டு நடந்து, கடைசியில் சந்தைக்குப் பின்னால் வீரபாகு என்பவரின் சாமான் கடைக்கு வந்து சேர்ந்தாள். மேல் தட்டில் சவர்க்காரப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு போத்தல் தனியாக நின்றது. லேபலில் இருந்த திராட்சைக் குலை வெயிலில் வெளிறி, புழுங்கல் அரிசி மாதிரி இருந்தது. விலை மருந்துக் கடையில் பாதிகூட இல்லை.

மலிவு என்றதும் மூக்கு விழித்துக்கொண்டது. போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். மூடியைச் சுற்றி மணந்தாள். சீல் சரி. அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது.

"இது எவ்வளவு காலமாய் இஞ்ச நிக்குது?"

"வைன் பழசாகப் பழசாகத்தான் திறம், அம்மா. வெள்ளைக்காரன் நிலத்துக்குக் கீழ தாட்டு வைச்செல்லோ எடுக்கிறவன்."

"அப்ப விலை கூடவெல்லோ சொல்லோணும்? ஏன் குறைக்கிறியள்?"

வீரபாகு திறந்த வாயை மூடினார். யோசித்தார். "சரி, கூட்டித் தாறன்" என்றார்.

"ஏன் கூட்டுறியள்? ஒருத்தரும் வாங்காமல் கிடந்த சாமான்தானே?"

"அம்மா, நீங்கள் வாங்க வந்தனீங்களோ, விசாரிக்க வந்தனீங்களோ?"

கடைசியில் விலை இரண்டு சந்தேகங்களுக்கும் நடுவில் ஓரிடத்தில் வந்து நின்றது. போத்தலைத் துவாயில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்தாள். தேத்தண்ணிக் கடைக்காரன் அவளுடைய பேணியைக் கண்டு, "பால் கறக்க வந்தனீங்களோ?" என்று கேட்டபடியால் அங்கேயும் ஒன்றும் குடிக்காமல் வாழைப்பழத்தோடு பின்னேர பஸ் ஏறினாள். பக்கத்தில் திரும்பவும் சுப்பம்மா. கிளினிக் முடிந்து வருகிறாளாம். கிளினிக்குக்குப் போனவளின் ரொட்டிப் பொட்டலம் ஏன் இன்னும் முடியவில்லை என்று கமலாசனி யோசித்தாள்.

சென்றியில் அதே இளம் ஆமிக்காரன். துவாயை அவிழ்த்தான். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தான். தலைகீழாகக் கவிழ்த்தான். மூடியைச் சுற்றி மணந்தான். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னான். கமலாசனிக்குச் சிங்களம் தெரியாது. சுப்பம்மாவுக்குத் தெரியும்.

"குடிச்சுக் காட்டச் சொல்றாரு, அக்கா."

"என்ன? சீல் உடைக்கிறதோ? இது பிள்ளைப்பெத்தவளுக்கு வாங்கினது எண்டு சொல்லும்!"

சுப்பம்மா சொன்னாள். அவன் கேட்டான். "புள்ள பெத்தவளுக்கு யாராச்சும் வைன் குடுப்பாங்களான்னு கேக்குறாரு."

"அப்ப இவன்ர ஊரில என்ன குடுக்கிறவையாம்?"

"அத நான் கேக்க மாட்டேன்கா. எனக்கு வீட்டுக்குப் போவணும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கமலாசனி கூடையைக் கட்டிப் பிடித்தாள். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. வீரபாகுவின் திறந்து மூடிய வாய் கண்ணுக்குள் வந்தது.

"முதல் அவனைக் குடிக்கச் சொல்லும்."

சுப்பம்மா சிங்களத்தில் நீட்டிச் சொன்னாள். ஆமிக்காரன் சிரித்தான். பின்னால் மண்மூட்டையில் இருந்தவனும் சிரித்தான்.

"என்ன சொன்னனீர்?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன்."

"நான் சொன்னது சாணளவு. நீர் சொன்னது ஒரு முழம்."

அதற்கிடையில் அவன் மூடியைத் திருகிவிட்டான். 'டிக்' என்றது. தன் கழுத்தைத் திருகியதுபோல் இருந்தது கமலாசனிக்கு. மகளின் மானம் போன சத்தம் அவ்வளவுதான். போத்தல் மூடியின் சத்தம்.

சொந்தப் பேணியை எடுத்து நீட்டினாள். அவன் ஊற்றினான். மணந்து பார்க்க மூக்கைக் கொண்டுபோனாள்; அவன் கையால் வேண்டாம் என்று காட்டினான். மணக்காமல் குடிக்க வேண்டும். கண்ணை மூடி ஒரு மிடறு விழுங்கினாள்.

கண்ணைத் திறந்தபோது அவன் பார்த்துக்கொண்டு நின்றான். முதலில் அவளுடைய கண்ணை. பிறகு தொண்டையை. பிறகு நெற்றியை. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். கலியாண வீட்டுப் பந்தியில் எத்தனையோ பேரை அவளே அப்படிப் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குச் சோறு எப்படி இறங்கியிருக்கும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு யோசனை வந்தது.

"இன்னும் கொஞ்சமாம்" என்றாள் சுப்பம்மா.

"அவன் கேட்டவனோ, நீர் கேட்கிறீரோ?"

பேணியில் இருந்த எல்லாவற்றையும் குடித்து முடித்த பிறகுதான் போத்தல் திரும்பி வந்தது.

பஸ் புறப்பட்டதும் வெறும் வயிற்றுக்குள் வைன் தன் வேலையைத் தொடங்கியது. காது சுட்டது. பாதையோரப் பனைகள் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாய் நெருங்கி வந்து நின்றன. சுப்பம்மா பொட்டலத்தை அவிழ்த்து மடியில் வைத்தாள். கமலாசனி ஒரு ரொட்டியை எடுத்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. மணந்து பார்த்துத்தான் சாப்பிட்டதாக அவள் பிற்காலத்தில் சாதித்தாள். இல்லை என்று சுப்பம்மா ஊரெல்லாம் சொன்னாள். சென்றியில் என்ன சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தாள் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. கமலாசனி எத்தனை தரம் கேட்டும், "ஞாபகம் இல்லீங்கக்கா" என்றுதான் பதில்.

முப்பத்தொன்றுக்குத் தங்கம்மா வந்தா. கைப்பையை வைக்க முதலே கண் மேசைக்குப் போனது.

"இதார் உடைச்சது?"

"ஆமி" என்றாள் கமலாசனி.

"ஆமிக்காரன் வந்து உங்கட வீட்டு வைனைக் குடிச்சவனோ?"

"அவன் குடிக்கேல்லை. நான் குடிச்சனான்."

தில்லைநாதன் வேலியைப் பார்க்கப் போய்விட்டார். சிவகரன் பிள்ளையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். தங்கம்மா போத்தலை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனா.

"நெல்லி ரசம் மாதிரிக் கிடக்கு."

அறைக்குள் படுத்திருந்த விமலேஸ்வரிக்கு அது கேட்டது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பியது கமலாசனிக்குத் தெரிந்தது. கமலாசனி குசினிக்குள் போய்த் தன் பேணியை எடுத்துவந்தாள். வைனை ஊற்றினாள். நீட்டினாள்.

"குடிச்சுக் காட்டுங்கோ மச்சாள்."

"நானோ?"

"சந்தேகப்படுறவைதான் குடிச்சுக் காட்டோணும். சென்றியில இப்ப அப்பிடித்தான் சட்டம்."

சட்டம் அதற்கு நேர்மாறு என்பது தங்கம்மாவுக்குத் தெரியாது. அவ அந்தச் சென்றி இருந்த மன்னார் ரோட்டால் வந்தவ இல்லை. மணந்து பார்க்க மூக்கைக் கொண்டுபோனா. கமலாசனி கையால் வேண்டாம் என்று காட்டினாள்.

தங்கம்மா ஒரு மிடறு விழுங்கினா. கமலாசனி கண்ணைப் பார்த்தாள். தொண்டையைப் பார்த்தாள். நெற்றியில் மெல்ல வியர்வை அரும்பியது.

"ஒரு மிடறில என்னெண்டு சொல்லுறது?" தங்கம்மா மிச்சத்தையும் குடித்துவிட்டு வெறும் பேணியை நீட்டினா.

இரண்டாம் பேணியில், "வைன்தான்" என்றா. அதற்குப் பிறகு, "வைன் எண்டால் இதுதான் வைன். எங்க எடுத்தனீங்கள் மச்சாள்?" என்றா. கமலாசனியும் கொஞ்சம் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் சம்பந்தி என்ன நினைப்பா.

"அம்மா" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்கு மிஞ்சுமோ?"

போத்தலில் காற்பங்கு இருந்தது. தங்கம்மா எழுந்து, தன் கையால் பேணி நிறைய ஊற்றி, மெல்லத் தள்ளாடிக் கொண்டுபோய் மருமகளிடம் கொடுத்தா. விமலேஸ்வரி எழுந்து இருந்தாள். பேணியை வாங்கினாள். குடிக்க முதல் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒருமுறை இழுத்தாள்.

"என்னடி மணக்கிறாய்?" என்று இரண்டு கிழவிகளும் ஒரே குரலில் கத்தினார்கள். "மணக்காமல் குடி!"