பெத்லகேமின் பிள்ளைகள்

கிளிநொச்சியில் எங்கள் தேவாலயத்தில் வேதாகமத்தை உலக வரலாற்றோடு சேர்த்துப் படிக்கிறோம். அன்று, ஏரோது மன்னன் பெத்லகேமின் ஆண்குழந்தைகளைக் கொன்ற பகுதி.

"அந்தக் காலத்து வரலாற்று நூல்களிலை இது இல்லை. நடக்கவேயில்லை எண்டு சொல்லுற அறிஞர்களும் இருக்கினம்" என்றார் போதகர்.

பக்கத்தில் இருந்த ரெஜினா அக்கா எழுந்தார். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கைக்குழந்தையை இழந்தவர்.

"எழுதாட்டி நடக்கேல்லை எண்டு ஆகுமோ ஐயா? என்ரை பிள்ளையைப் பற்றியும் ஒருத்தரும் எழுதேல்லை. நாங்கள் பதுங்கியிருந்த பங்கருக்குப் பக்கத்திலை புதைச்சுப்போட்டு வந்தனான். இப்ப அந்த இடமும் தெரியாது."

போதகர் புத்தகத்தை மூடினார். பிறகு, "பிள்ளையின்ரை பேரென்ன அம்மா?" என்று கேட்டார்.

"யூட்."

அதன்பின் பாடம் நடக்கவில்லை. ஒவ்வொருவராகத் தாங்கள் இழந்தவர்களின் பெயரைச் சொன்னார்கள். என் முறை வந்தது. ஷெல்லடியில் என் மகள் செத்த நாளிலிருந்து அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னால் உடைந்துபோவேன் என்ற பயம்.

"நிலானி" என்றேன்.

வீட்டுக்கு வந்தும் அழுகை நிற்கவில்லை. ஆறுதல் கிடைத்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படி ஒருத்தி இருந்தாள் என்பது இப்போது என்னைத் தவிர வேறு சிலருக்கும் தெரியும்.