மூன்றாம் கதவு

கிளிநொச்சியை விட்டுத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பூவரசங்கம்பு, நுனியில் காய்ந்த சேறு. வாய்க்கால் வேலை முடிந்துவிட்டது. வேலை முடிந்த இடத்தில் எனக்குக் கால் தரிக்காது. கம்பை மட்டும் எறிய மனம் வரவில்லை. அந்தக் கம்பால்தான் அக்கா சேற்றில் மரம் வரைந்திருந்தார்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. மலையகத்திலிருந்து வந்து வாய்க்காலின் கடைசியில் குடியேறிய குடும்பம். கணினி படித்துவிட்டு வந்து, வாய்க்கால் கதவுகளுக்கு மோட்டர் பூட்டினார். வயல் செய்யும் கமக்காரர் தாங்களே கட்டளை எழுதட்டும் என்று தமிழில் சின்னதாக ஒரு கணினி மொழியும் செய்தார். நான் கம்பத்துக்குக் குழி வெட்டினேன், வயர் இழுத்தேன். அதுவரை கதவுச் சாவி மேல்வயல்காரரிடம் இருந்தது. முறைத் தண்ணீர் கடைசி வயலுக்கு வருமுன் பாதியில் நின்றுவிடும். மோட்டரைச் சோதித்த நாள், அக்காவின் அப்பாவின் நெல் பால் பிடித்துத் தண்ணீர் கேட்கும் நேரம். அன்றைக்கு மோட்டர் வேலை செய்யாவிட்டால் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது என்று கமக்காரர் சங்கத்தில் முடிவு.

'முறை = 1' என்று அக்கா எழுதினார். கணினி ஏற்றுக்கொண்டது. கடைசி வயலுக்குத் தண்ணீர் விடும் மூன்றாம் கதவுக்கு 'கதவு[3] = திற' என்று எழுதினார். திரையில் 'மூடியிருக்கிறது' என்று வந்தது. கதவு அசையவில்லை.

சங்கத் தலைவர் சிரித்தார். "பிள்ளை, உன்ர மெசின் கதவைத் திறக்கேல்லை. திறந்து கிடக்கோ எண்டு விசாரிச்சுப்போட்டு வருது."

அக்கா கோபிக்கவில்லை. வரம்பில் குந்தி, என் கம்பை வாங்கி, கணினி ஒரு வரியை எப்படி மரமாகப் பிரித்துக்கொள்கிறது என்று கீறினார். ஒரு கணு, இரண்டு கிளை: இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பெறுமதி. பெயர் தனியாக இருந்தால் சரி. 'கதவு[3]' இடப்பக்கம் வந்ததும், மூன்றாம் கதவு எப்படி இருக்கிறது என்று வாசிக்கும் கிளையையே அங்கே பொருத்தியிருந்தார்.

"தலைவர் சொன்னது சரிதான் தம்பி. வைக்கச் சொன்னா, பாத்திட்டு வருது. இதுக்கு வேற கணு வேணும்."

இடக்கிளையை உள்ளங்கையால் அழித்தார். புதுக்கணுவுக்கு மூன்று கிளை கீறினார்: எந்த வரிசை, எத்தனையாவது, எதை வைப்பது. பிறகு வெயிலுக்குள்ளேயே மடிக்கணினியில் திருத்தி எழுதினார்.

பொழுது சாயுமுன் மூன்றாம் கதவு கிறீச்சிட்டு எழும்பியது. அக்காவின் அப்பா கதவைப் பார்க்கவில்லை. தன் வயலுக்குப் போனார். முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தார். தலைவர், "சரி, மோட்டர் அங்கயே இருக்கட்டும்" என்றார்.

தெற்கே நடந்த வழியில் வவுனியா பஸ் கிடைத்தது. மறுநாள் காலை நெளுக்குளத்தில் ஒரு இரும்புக்கடையில் வேலை கேட்டேன். முதலாளி என்னையும் கம்பையும் பார்த்தார். என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. ஆணிப்பெட்டி ஒன்றை நீட்டி, "மூண்டாம் தட்டில வை" என்றார்.

கம்பைக் கதவோரம் சாத்திவிட்டு, பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.