பதினான்காம் பாடத்தில் இருக்கும் அக்கா

நாங்கள் அவரை உதாரணம் சார் என்றுதான் கூப்பிடுவோம். பேச்சு ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகங்களுக்கு உதாரண வாக்கியம் எழுதுவது அவர் வேலை. இடதுபக்கம் ஆங்கிலம், வலதுபக்கம் தமிழ். பதிப்பகத்தின் மாடி அறையில் அவருடைய மேசைக்கு எதிர்மேசை என்னுடையது. அவர் எழுதுவார், நான் பிழை திருத்துவேன். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது.

அவரைப் பெரிய அறிவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய வாக்கியங்கள் செத்துக் கிடக்கவில்லை. மற்றவர்கள் 'அவன் பள்ளிக்குப் போகிறான்' என்று எழுதிய இடத்தில் இவர் தன் வீட்டில் நடப்பதை எழுதினார். பைண்டிங் பகுதியில் நறுக்கி விழும் காகிதக் கீற்றுகள் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். செய்ய வேண்டிய காரியம் எதுவானாலும் ஒரு கீற்றில் ஏறிவிடும். காரியம் முடிந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. அது வாக்கியமாகிப் புத்தகத்துக்குள் போனாலும் அதே பேனாவால் அதே கோடு. எல்லோரும் இதைப் பார்த்தோம். சிரித்தோம்.

"சார், உங்க வீட்டுக் குழாயைச் சரி பண்ணியாச்சா?" என்று பைண்டிங் அம்மா கேட்பாள். "ஒன்பதாம் பாடத்துல இன்னும் ஒழுகிட்டே இருக்கே."

"பிளம்பர் வரணும்மா."

"அவரும் பாடத்துக்குத்தான் வர்றாரு. வீட்டுக்கு எப்போ வருவாரு?"

அவர் மனைவி ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது, "எங்க கல்யாண நாளைக்கூடப் பயிற்சியில போட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிட்டாரு" என்றார். சாரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். ஒன்றைச் செய்வேன் என்று சொல்லிவிட்டாலே செய்ததில் பாதி நிம்மதி வந்துவிடுகிறது. மனிதர் எல்லோருக்கும் உள்ள கோளாறு இது. இவருக்கு அதுவே பிழைப்பாகவும் அமைந்துவிட்டது.

அவருக்கு ஏழு வயது மூத்த அக்கா ஒருத்தி. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் தையல் வேலை. அவள் எட்டாம் வகுப்போடு நின்று மிஷினில் உட்கார்ந்ததால்தான் இவர் கல்லூரி வரை போனார். இதை அவள் சொல்லிக்காட்டியதில்லை. அதற்கு ஈடாக என்றும் சொல்ல முடியாது, ஆனால் வீட்டில் ஆங்கிலக் காகிதம் எது வந்தாலும் இவர்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாத ஏற்பாடு. உறையைக்கூடப் பிரிக்காமல் தம்பிக்காக எடுத்து வைப்பாள். அவள் மகள் கல்லூரி முடித்து ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. "உன் மாமா பார்த்துச் சொல்லட்டும்" என்பாள்.

போன வருடம் ஜனவரியில் அக்காவுக்குக் கண் மங்கியது. அந்தப் பகுதி டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார். ஒரு மாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு மருத்துவர் இருக்கிறார், இந்த ரிப்போர்ட்டோடு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள், அவர்களே கூப்பிட்டு நாள் தருவார்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அக்கா ரிப்போர்ட்டை மடிக்காமல் ஒரு துணிப்பையில் வைத்துத் தம்பியிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் கீற்றில் குறித்துக்கொண்டார். அந்த வாரம் எழுதிக்கொண்டிருந்தது பதினான்காம் பாடம். இனி நடக்கும் என்று எதிர்பார்ப்பதையும், செய்தே ஆக வேண்டியதையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இதற்கு 'சப்போஸ்ட் டு' என்று ஒரு சொல்முறை உண்டு. இன்னது நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பு இருக்கிறது என்று சொல்லும், எதிர்பார்ப்பது யார் என்று சொல்லாது. 'இப்படிச் சொன்னால், நடக்க வேண்டியது இன்னும் நடக்கவில்லை என்றே கேட்பவர் பெரும்பாலும் புரிந்துகொள்வார்' என்று அவர் கீழே குறிப்பு எழுதியிருந்தார். அவர் எழுதிய விளக்கங்களில் தேறுவது அது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

அந்தப் பாடத்தின் மூன்றாவது உதாரணம்: 'என் அக்காவை அடுத்த மாதம் பெரிய மருத்துவர் பார்ப்பதாக இருக்கிறது.' பாடத்தின் கடைசியில் மாதிரிக் கடிதம் ஒன்று, அக்காவின் வயது, நோய், ரிப்போர்ட்டில் இருந்த எண்கள் எல்லாவற்றோடும். நல்ல கடிதம். பணிவாகவும் சுருக்கமாகவும் இருந்தது. நான் ஓர் ஒற்றெழுத்தை மட்டும் சேர்த்து அச்சுக்கு அனுப்பினேன்.

மார்ச்சில் அக்கா போன் செய்தாள். எதிர்மேசையில் நான் இருந்தேன்.

"தம்பி, அந்தக் கடிதாசி எழுதிட்டியா?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து கீற்றைத் தேடி எடுத்துப் பார்த்தார். சிவப்புக் கோடு இருந்தது. "எழுதியாச்சுக்கா. அவங்களே கூப்பிடுவாங்க."

"சரிப்பா. நீ வேலையைப் பாரு."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் கொடுமை.

அவர்கள் காத்திருந்தார்கள். சொட்டு மருந்து தீர்ந்தது. பெரிய மருத்துவர் புதிதாக எழுதித் தருவார் என்று அக்கா மறுபடி வாங்கவில்லை. மகள் இரண்டு தடவை, நானே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றிருக்கிறாள். "மாமா எழுதியிருக்காருடி. நடுவுல நீ போய்க் குட்டையைக் குழப்பாதே" என்று அக்கா தடுத்துவிட்டாள். தையல் கடையில் பக்கவாட்டில் வந்து நிற்பவர்கள் அவள் கண்ணில் படவில்லை. கதவுநிலையில் தோளை இடித்துக்கொண்டாள். வயதாகிவிட்டது என்று நினைத்தாள்.

அக்டோபரில் மகள் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டாள். அப்படிக் கடிதம் எதுவும் வரவில்லை என்றார்கள். அவள் மாமாவுக்குப் போன் செய்தாள்.

அன்று உதாரணம் சார் கோபப்பட்டதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். "நான் எழுதினேன்மா. வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. அவங்க தொலைச்சிருப்பாங்க. இரு, நகல் எடுத்துத் தர்றேன்" என்று போனை வைத்தார். இழுப்பறை, அலமாரி, பை எல்லாம் கவிழ்த்தாயிற்று. கடைசியில் பழைய கையெழுத்துப் பிரதிகளின் கோப்பைப் பிரித்தார். பதினான்காம் பாடத்தின் கடைசித் தாளில், மாதிரிக் கடிதத்தோடு, அக்காவின் ரிப்போர்ட் குண்டூசியில் குத்தியபடி இருந்தது.

அவர் உட்காரவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டே நின்றார். "நான் எழுதினேனே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆமா சார்" என்றேன். எழுதியதைப் படித்தவன் நான். இரண்டு முறை படித்தவன். இதை அனுப்பிவிட்டீர்களா என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

மறுநாளே அக்காவை அழைத்துக்கொண்டு போனார்கள். வலது கண்ணில் போனது திரும்பாது, இடது கண்ணில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கோப்பைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

வெளியே பெஞ்சில் அக்காவை உட்காரவைத்தார்கள். பிறகு நடந்ததை அவரே என்னிடம் சொன்னார், தன் பக்கம் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல்.

"பெரிய இடம்" என்றாளாம் அக்கா. "நம்மளை எல்லாம் எங்கே கூப்பிடப் போறாங்க. நீ எழுதினது அந்தக் குவியல்ல எங்கே கிடக்குதோ."

மகள் அவரைப் பார்த்தாள். அவளுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டிருந்தார். "மாமா, நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவர் சொன்னார். கடிதம் புத்தகத்துக்குப் போனது, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று.

அக்கா, "என்னைப் பத்தி அதுல என்ன எழுதியிருக்கே?" என்று கேட்டாள். சொன்னார்.

"பார்ப்பதாக இருக்கிறதா?"

"ஆமாக்கா."

"பார்ப்பதாக யாருக்கு இருந்துச்சு?"

"உனக்குத்தான்க்கா."

"எனக்கு இருந்துச்சு" என்றாள். "மார்ச்சுல இருந்து தினம் போனைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கக்கூஸுக்குப் போனாக்கூட எடுத்துட்டுப் போனேன்."

அவர் அழுதிருக்கிறார். அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஒரு தாதி வந்து அடுத்த முறை வர வேண்டிய அட்டையை நீட்டினாள். நாற்பது வருடப் பழக்கத்தில் கை நீண்டது, அவர் வாங்கிக்கொண்டார்.

"தம்பி, அதை அவகிட்ட குடு" என்றாள் அக்கா. திட்டுகிற குரல் இல்லை. "பழைய ரிப்போர்ட்டையும் குடுத்துடு. இனிமே எல்லாம் அவகிட்டயே இருக்கட்டும்."

கொடுத்தார். மகள் அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துப் படித்தாள். ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள். அவருக்கு அது தெரியும். வாய்வரை வந்ததாம். அக்கா மகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தாள்.

மகள் மறுபடி முதலில் இருந்து படித்தாள். "வியாழக்கிழமைம்மா. காலையில ஒன்பது மணி. வெறும் வயித்தோட வரணும்."

"சரி, நீயும் லீவு சொல்லிடு" என்று அக்கா எழுந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.