அல் குஹ்ல்

பூந்தமல்லியில் பள்ளிவாசலுக்கு எதிரே அத்தரும் கண்ணுக்கு இடும் சுர்மாவும் விற்பவர் சுலைமான். மகன் அஜ்மல் பாடியில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பிறகு குடிக்க மட்டும் வெளியே போனான். கண்கள் மஞ்சளாகிவிட்டன. வயிறு வீங்கிவிட்டது. இனியும் குடித்தால் பிழைக்க மாட்டான் என்றார் டாக்டர். அயனம்பாக்கத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இடம் கிடைத்தது. குடிக்காமல், தானாக நடந்து உள்ளே வர வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

"அந்த ஹராமை விட்டுடுடா" என்றார் சுலைமான்.

அஜ்மல் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். "ஆல்கஹால் யாரு வார்த்தை தெரியுமா அத்தா? அரபி. அல் குஹ்ல். குஹ்ல்னா இன்னா?"

"சுர்மா" என்றார் சுலைமான். அவர் விற்கும் டப்பாவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும்.

"அதான். கல்லை மாவா அரைச்சா குஹ்ல். லத்தீன்காரன் அதை வாங்கினு போயி, நைசா இருக்குற பொடிக்கெல்லாம் அதே பேரு வெச்சான். அப்புறம் எதைக் காய்ச்சி சத்து எடுத்தாலும் அதே பேரு. ஒயினைக் காய்ச்சினான், அதுக்கும் அதே பேரு. அங்கேர்ந்து இங்கிலீஷு, அங்கேர்ந்து நம்ம முக்குக் கடை. உன் கடைச் சரக்கைத்தான் அத்தா நான் குடிக்கிறேன்."

உள்ளேயிருந்து அவன் அம்மா ஜமீலா சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் யாரும் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

சுலைமானுக்குத் தைரியம் வந்தது. ஒரு டப்பாவை எடுத்து வந்தார். "அப்போ மொதல்ல இருந்ததே போதும் உனக்கு. கண்ணைக் காட்டு."

அஜ்மல் முகத்தைக் கொடுத்தான். மஞ்சள் கண்களில் குச்சி கறுப்பாக ஓடியது.

"நாளைக்கு வர்றியா?"

"வர்றேன் அத்தா."

காலையில் இல்லத்துக்குப் போக ஆட்டோ வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. சுலைமான் அதே ஆட்டோவில் ஏறி முக்கு மதுக்கடைக்குப் போனார். கடை திறக்கும் முன்பே பிளாக்கில் சரக்கு கிடைக்கும் பக்கத்துச் சந்தில் அஜ்மல் போதையில் சுவரில் சாய்ந்திருந்தான். சுர்மா கன்னம் வரை ஈஷியிருந்தது.

"இன்னா பாய், மாப்ளய நிக்காவுக்கு இட்டுகினு போறியா?" என்றான் குடித்துக்கொண்டிருந்த ஒருவன்.

சுலைமான் மகனருகில் உட்கார்ந்தார். "வர்றேன்னியேடா."

"நீ என் கண்ணுக்கு சுர்மா போட்டுகினு இருந்தே. அப்போ எப்டி அத்தா வரலன்னு சொல்றது?"

சுலைமான் எழுந்துபோய் ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார்.